பழைய காருக்கு ஏற்ற எண்ணெய் எது?



நெல் விளையும் நம் தஞ்சைத் தரணியிலே, பல இல்லங்களின் முற்றத்தில் இன்றும் ஒரு பழைய கார் நின்றுகொண்டிருக்கிறது. அது தந்தையார் வாங்கிய அம்பாசடராக இருக்கலாம்; மாமனார் வழியாக வந்த பிரீமியர் பத்மினியாக இருக்கலாம்; பல்லாண்டுச் சேமிப்பைக் கொண்டு வாங்கிய மாருதி 800 ஆகவும் இருக்கலாம். நள்ளிரவில் பிரசவ வேதனை கண்ட பெண்ணைத் தஞ்சை மருத்துவமனைக்குச் சுமந்து சென்றதும், செப்டம்பர் 8 திருவிழாவுக்குப் பாட்டி முதல் பேரப்பிள்ளை வரை அனைவரையும் வேளாங்கண்ணிக்குக் கொண்டுசேர்த்ததும் அந்த வண்டிதான். ஊரில் அதை ஓட்டியே குடும்பத்தைக் காக்கும் வாடகைக் கார் சகோதரர்களும் நம்மிடையே உள்ளனர்.

இவ்வண்டிகள் இனிப் புதிதாகப் பிறக்கப் போவதில்லை. பத்மினியின் உற்பத்தி இந்நூற்றாண்டின் தொடக்கத்தோடு முடிவுற்றது. மாருதி 800 கார் 2014 ஜனவரியிலும், அம்பாசடர் அதே ஆண்டு மே மாதத்திலும் விடைபெற்றன. ஆகவே இருக்கின்ற என்ஜினைப் பேணிக் காப்பதே அறிவுடைமை. தேய்ந்த என்ஜினைப் பிரித்துச் சீர்செய்ய ஆகும் செலவோ, ஒரு சிறு விவசாயக் குடும்பத்தின் ஒரு போக வருவாயையே விழுங்கிவிடக் கூடும். அந்தச் செலவைப் பல ஆண்டுகள் தள்ளிவைக்க வல்லது, காலத்தில் ஊற்றப்படும் சரியான எண்ணெய் ஒன்றே. ஆனால் எது சரியான எண்ணெய் என்று கேட்டால், கடைக்காரர் ஒன்று சொல்கிறார், மெக்கானிக் வேறொன்று சொல்கிறார், அண்டை வீட்டார் மூன்றாவது ஒன்றைச் சொல்கிறார். இம்மாதம் அதனைச் சற்று விரிவாக ஆராய்வோம்.

எண்ணெயின் பணிகள்

மாட்டுவண்டியின் அச்சுக்கு மை இடாமல் ஓட்டினால் என்ன நேரும் என்பதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். இரும்பும் இரும்பும் உராய்ந்தால் சூடு பிறக்கும். சூட்டினால் தேய்வு பிறக்கும். கார் என்ஜினிலும் அதே விதிதான். ஆயினும் வண்டி மைக்கு இல்லாத வேறு கடமைகளும் என்ஜின் எண்ணெய்க்கு உண்டு. அது உராய்வைக் குறைக்கிறது, பிஸ்டனின் அடிப்புறத்திலிருந்தும் பேரிங்குகளிலிருந்தும் வெப்பத்தை வாங்கிச் செல்கிறது, எரிபொருள் எரிவதால் உண்டாகும் கரியைக் கழுவித் தன்னுள் ஏந்திக்கொள்கிறது, பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையேயுள்ள நுண்ணிய இடைவெளியை அடைக்கிறது, துருப்பிடியாமலும் காக்கிறது.

இதிலிருந்து ஓர் உண்மை விளங்கும். எண்ணெய் கறுத்துவிட்டது என்பதற்காக அது கெட்டுவிட்டது என்று முடிவு கட்டலாகாது. கரியைத் தன்னுள் ஏந்தும் எண்ணெய் கறுக்கத்தான் செய்யும். மாறாக, பல மாதம் ஓடிய பின்னும் தேன்போல் தெளிந்திருக்கும் எண்ணெய், கரியை என்ஜினுக்குள்ளேயே படியவிட்டிருக்கவும் கூடும்.

டப்பாவின் மேலுள்ள எண்கள்

டப்பாவின் மேல் 20டபிள்யூ-40 என்றோ, 20டபிள்யூ-50 என்றோ பொறித்திருப்பதைக் காண்கிறோம். 20 டிகிரி முதல் 50 டிகிரி வரையுள்ள வெப்பத்துக்கு ஏற்றது என்று இதற்குப் பொருள் கொள்வோர் பலர். அது சரியன்று. இவை எண்ணெயின் பாகுநிலையை, அதாவது கெட்டித்தன்மையைக் குறிக்கும் எண்கள். அமெரிக்க மோட்டார் பொறியாளர் சங்கம் 1911-ஆம் ஆண்டில் வகுத்த முறை இது, எஸ்.ஏ.இ. என்னும் எழுத்துகள் அச்சங்கத்தையே குறிக்கின்றன.

பின்னால் உள்ள எண்ணே நமக்கு முக்கியமானது. 100 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், அதாவது என்ஜின் நன்றாகச் சூடேறிய நிலையில், எண்ணெய் எவ்வளவு கெட்டியாக நிற்கிறது என்பதை அது தெரிவிக்கிறது. அவ்வெப்பத்தில் 40 என்ற வகை 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக்குக்கு உட்பட்டும், 50 என்ற வகை 16.3 முதல் 21.9 சென்டிஸ்டோக்குக்கு உட்பட்டும் இருத்தல் வேண்டும். முன்னால் உள்ள எண்ணோ குளிர்காலத்துக்கு உரியது. டபிள்யூ என்ற எழுத்து ஆங்கிலத்தில் குளிர்காலத்தைச் சுட்டுவது. 20டபிள்யூ எண்ணெயை உறைநிலைக்குக் கீழே 15 டிகிரியில் வைத்து, என்ஜின் சுழலுமா எனச் சோதிப்பர். 5டபிள்யூ என்றால் அச்சோதனை உறைநிலைக்குக் கீழே 30 டிகிரியில் நடைபெறும்.

நம் டெல்டாவில் மார்கழிப் பனி எவ்வளவு கடுமையாயினும், நீர் உறையும் குளிரை நாம் கண்டதில்லை. ஆகவே முன்னெண் 20 ஆக இருப்பதே நமக்குப் போதும். காஷ்மீரத்துக்கும் கனடாவுக்கும் உரிய 0டபிள்யூ, 5டபிள்யூ எண்ணெய்களுக்கு அதிக விலை கொடுப்பதால் பழைய காருக்குத் தனிப் பயன் ஒன்றுமில்லை. மேலும் 0டபிள்யூ-20 போன்ற நீர்த்த எண்ணெய்கள், நுண்ணிய இடைவெளிகளோடு செய்யப்படும் இக்காலத்து என்ஜின்களுக்காக, எரிபொருளைச் சிக்கனப்படுத்தும் நோக்குடன் ஆக்கப்பட்டவை. தேய்ந்து இடைவெளி அகன்ற பழைய பேரிங்குகளில் அவை நில்லாமல் வழிந்தோடும்; எண்ணெயின் அழுத்தம் குறையும்.

எந்த வண்டிக்கு எது?

முதலில் பார்க்க வேண்டியது வண்டியுடன் வந்த கையேடு. அது சொல்வதே முதல் விதி. கையேடு தொலைந்துபோன வீடுகளுக்குப் பின்வரும் பொது வழிகாட்டுதல் உதவும்.

அம்பாசடரின் பழைய 1489 சி.சி. பெட்ரோல் என்ஜினுக்கும், பத்மினியின் 1089 சி.சி. என்ஜினுக்கும், நல்ல நிலையில் இருப்பின் 20டபிள்யூ-40 பொருந்தும். நெடுந்தூரம் ஓடித் தேய்ந்திருப்பின், குறிப்பாகச் சித்திரை வைகாசி வெயிலில் எண்ணெயின் அழுத்தம் குறையக் கண்டால், 20டபிள்யூ-50 நன்று. கார்புரேட்டர் பொருத்திய பழைய மாருதி 800 வண்டிக்கு 20டபிள்யூ-40 போதும். டீசல் அம்பாசடர் வைத்திருப்போர் 15டபிள்யூ-40 அல்லது 20டபிள்யூ-40 வாங்கலாம். ஆனால் அது டீசலுக்கு உரிய தரமுடையதாக இருத்தல் வேண்டும்.

அத்தரத்தை அறிவதெவ்வாறு? டப்பாவில் ஏ.பி.ஐ. என்ற எழுத்துகளுக்கு அருகே வேறிரண்டு எழுத்துகள் இருக்கும். எஸ் எனத் தொடங்கினால் பெட்ரோலுக்கு; சி எனத் தொடங்கினால் டீசலுக்கு. அடுத்த எழுத்து அகரவரிசையில் முன்னேற முன்னேறத் தரம் புதியது. எஸ்.எஃப். என்பது 1980-இல் வந்தது, எஸ்.எல். 2001-இல், எஸ்.என். 2010-இல், எஸ்.பி. 2020-இல். பொதுவாகப் புதிய தரம் பழைய தரத்தின் பணியையும் செய்யும். ஆயினும் பழைய கார்களைப் பொறுத்தவரை ஒரு நுட்பம் கவனிக்கத் தக்கது.

அம்பாசடர், பத்மினி ஆகியவற்றின் பழைய என்ஜின்களில், கேம்ஷாஃப்டின் புடைப்புகள் தட்டையான டேப்பெட்டின் மேல் வழுக்கிச் செல்கின்றன. அங்கே அழுத்தம் மிகுதி. அவ்விடத்தைக் காப்பதற்காக எண்ணெயில் துத்தநாகமும் பாஸ்பரமும் சேர்ந்த ஒரு கூட்டுப்பொருள் கலக்கப்படுகிறது. பிற்காலத்தில் கார்களின் புகைக்குழாயில் நச்சு மாற்றிக் கருவிகள் வந்தன. நம் நாட்டில் 1995-இல் நான்கு பெருநகரங்களில் ஈயமில்லாப் பெட்ரோலுடன் அவை அறிமுகமாயின. 2000-இல் ஈயம் கலந்த பெட்ரோல் நாடெங்கும் நிறுத்தப்பட்டது. எண்ணெயிலுள்ள பாஸ்பரம் அக்கருவிகளைக் கெடுக்கும் என்பதால், 2004-இல் வந்த எஸ்.எம். தரத்திலிருந்து அதன் அளவு நூற்றுக்கு 0.08 பங்குக்கு மேற்படலாகாது என வரையறுத்தனர். ஆனால் இவ்வரையறை 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 போன்ற நீர்த்த வகைகளுக்கே உரியது. 20டபிள்யூ-40, 20டபிள்யூ-50 வகைகளை அது கட்டுப்படுத்துவதில்லை. ஆகவே பழைய காருக்குக் கெட்டியான வகையைத் தேர்வதில் இரட்டை நன்மை உண்டு: இடைவெளியும் அடைபடும், டேப்பெட்டும் காக்கப்படும்.

வீட்டில் மோட்டார் சைக்கிளும் இருந்தால், ஒரே டப்பாவை இரண்டுக்கும் பகிர்ந்தளிக்கும் சிக்கனம் வேண்டாம். பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் கிளச்சும் அதே எண்ணெயில் மூழ்கியிருப்பதால், வழுக்கலை மிகுவிக்கும் சில கார் எண்ணெய்கள் அங்கே கிளச்சை நழுவச் செய்யும்.

புகையை மறைக்கும் தந்திரம்

பழைய கார் நீலப் புகை விட்டால், கியர் பெட்டிக்கு உரிய 90 அல்லது 140 எண்ணெயைக் கொஞ்சம் என்ஜினில் கலந்துவிடும் பழக்கம் சில பட்டறைகளில் உண்டு. சில நாட்கள் புகை அடங்கும். ஆனால் நோய் தீர்ந்ததாகாது. கியர் எண்ணெய், கரியை ஏந்தும் திறனுக்காக ஆக்கப்பட்டதன்று. அதிகக் கெட்டியான எண்ணெய் காலையில் வண்டியை எழுப்பும்போது பேரிங்குகளைச் சென்றடையத் தாமதமாகும். தேய்வு மிகுதியாக நேர்வது அந்தத் தொடக்க வேளையிலேதான்.

நீலப் புகை என்பது எண்ணெய் எரிகிறது என்று என்ஜின் விடுக்கும் அறிவிப்பு. வண்டி நெடுநேரம் நின்று எழும்போது மட்டும் ஒரு குபுக்கென்று புகை வந்து மறைந்தால், வால்வு சீல்கள் இறுகிக் கெட்டிருக்கலாம். இதற்கு என்ஜினை முழுதும் இறக்க வேண்டுவதில்லை. வேகமெடுக்கும்போதெல்லாம் புகை தொடர்ந்து வந்தால் ரிங்குகளின் தேய்வை ஐயுறலாம். மெக்கானிக்கிடம் சிலிண்டர்களின் அழுத்தத்தை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். அழுத்தம் குறைந்த சிலிண்டருக்குள் சிறிது எண்ணெய் விட்டு மீண்டும் அளக்கும்போது அழுத்தம் உயர்ந்தால் குறை ரிங்கில்; உயராவிடில் குறை பெரும்பாலும் வால்வில். இச்சிறு சோதனை, வேண்டாத பெருஞ்செலவைத் தவிர்க்க வல்லது. ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டருக்கு மேல் எண்ணெய் குறையுமாயின் இனியும் காலந்தாழ்த்தலாகாது.

இங்கே மனச்சான்று பற்றியும் ஒரு வார்த்தை கூறுதல் தகும். வண்டியை விற்கும் நாளன்று புகை தெரியாதிருக்கக் கெட்டி எண்ணெயை ஊற்றிக் கைமாற்றிவிடுகிறவர்கள் உண்டு. அவ்வண்டியை வாங்குகிறவர் பெரும்பாலும் கடன் பெற்று வாடகைக்கு ஓட்டிப் பிழைக்க நினைக்கும் ஓர் ஏழை இளைஞர். இரண்டே மாதத்தில் என்ஜின் நின்றுவிட்டால், நிற்பது வண்டி மட்டுமன்று. ஒரு குடும்பத்தின் அடுப்புமாகும். பொய்ச்சான்று நாவினால் மட்டும் சொல்லப்படுவதன்று. எண்ணெய்க் குவளையாலும் சொல்லப்படலாம். குறையைச் சொல்லி, அதற்கேற்ப விலையைக் குறைத்து விற்பதே நேர்மையாளரின் வழி.

சிந்தெடிக் எண்ணெயும் மண்ணெண்ணெய்க் கழுவலும்

விலையுயர்ந்த சிந்தெடிக் எண்ணெய் ஊற்றினால் பழைய என்ஜின் புதிதாகிவிடும் என்று கருதுவோரும், ஊற்றினால் கெட்டே போகும் என்று அஞ்சுவோரும் உள்ளனர். இரண்டும் மிகை. அது நல்ல எண்ணெய்தான். ஆனால் முன்னமே தளர்ந்த சீல்களின் வழியாக எளிதில் கசியும். மேலும் தேய்ந்த ரிங்குகளைக் கடந்து வரும் கரியும் பெட்ரோலும் எந்த எண்ணெயையும் விரைவில் அழுக்காக்கிவிடும். ஆகையால் விலையுயர்ந்ததை ஊற்றி ஓராண்டு விட்டுவைப்பதைவிட, தரமான சாதாரண எண்ணெயை ஊற்றிக் காலத்தில் மாற்றுவது பழைய காருக்கு மேல்.

பல ஆண்டுகள் கவனிப்பின்றிக் கிடந்த என்ஜினைச் சிலர் மண்ணெண்ணெய் விட்டு ஓடவிட்டுக் கழுவுகின்றனர். இது ஆபத்தானது. திடீரெனப் பெயர்ந்த அழுக்குக் கட்டிகள் சம்ப்பிலுள்ள வடிகட்டியை அடைத்தால் என்ஜினுக்கு எண்ணெயே ஏறாது. மிஞ்சிய மண்ணெண்ணெயோ புதிய எண்ணெயையும் நீர்த்துப்போகச் செய்யும். அதற்கு மாறாக, புதிய எண்ணெயும் புதிய பில்டரும் இட்டு, ஆயிரம் கிலோமீட்டரிலேயே மறுபடியும் மாற்றிவிடுங்கள். அழுக்கு மெல்ல மெல்லக் கரைந்து வெளியேறும்.

நம் ஊர்ச் சாலையும் நம் ஊர் மழையும்

எண்ணெயை எப்போது மாற்றுவது? கையேடு வேறு கூறாதவிடத்து, 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை, இவற்றுள் எது முந்துகிறதோ அதுவே கணக்கு. "எங்கள் வண்டி கோவிலுக்கும் கடைத்தெருவுக்கும் மட்டுமே போகிறது, ஆண்டுக்கு ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லையே" என்பார் சிலர். அத்தகைய வண்டிக்கே எண்ணெய் விரைவில் கெடுகிறது. குறுந்தூரம் ஓடி நிற்கும் என்ஜின் முழுச் சூட்டை எட்டுவதில்லை. உள்ளே வியர்க்கும் ஈரம் ஆவியாகாமல் எண்ணெயில் தங்கி, அமிலமாகி, பேரிங்கை அரிக்கிறது. வாரம் ஒருமுறையேனும் அரைமணி நேரம் தொடர்ந்து ஓட்டுங்கள்.

அறுவடைக் காலத்தில் நம் சாலைகளில் நெல்லும் வைக்கோலும் காய்கின்றன. அந்தத் தூசும் பதரும் காற்று வடிகட்டியில் புகும். பழைய வண்டிகள் சிலவற்றின் வடிகட்டியில் சிறு எண்ணெய்க் கிண்ணம் ஒன்று இருக்கும். அதன் அடியில் படிந்த சேற்றைக் கழுவிப் புது எண்ணெய் விட மறவாதீர். உள்ளே புகும் நுண்மணல், எவ்வளவு நல்ல எண்ணெயையும் அரத்தூளாக மாற்றிவிடும்.

ஐப்பசி கார்த்திகை மழையும் நினைவில் நிற்கட்டும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்தபோது நம் பகுதி பட்ட பாட்டை நாம் மறக்கவியலாது. வெள்ளநீர் என்ஜின் அளவுக்கு ஏறிய வண்டியை உடனே ஸ்டார்ட் செய்யலாகாது. அளவுக் கம்பியை உருவிப் பாருங்கள். எண்ணெய் பாலும் காப்பியும் கலந்தாற்போல் வெளிறியிருந்தால் நீர் புகுந்துவிட்டது எனத் தெளியலாம். அதை முழுதும் வடித்து, பில்டரையும் மாற்றி, மெக்கானிக் பார்த்த பின்னரே எழுப்ப வேண்டும். மழையே இல்லாத நாளில் அவ்வாறு வெளிறியிருந்தால் ஹெட் கேஸ்கெட் பழுதாகி ரேடியேட்டர் நீர் கலக்கிறது என்று ஐயுறலாம்.

அளவைப் பார்க்கும் முறையும் முக்கியம். சமதரையில் நிறுத்தி, என்ஜினை அணைத்து ஐந்து நிமிடம் கழித்துக் கம்பியைத் துடைத்துச் செருகிப் பாருங்கள். இரு கோடுகளுக்கு இடையே இருத்தல் வேண்டும். மேற்கோட்டைத் தாண்டினால் கிராங்க் எண்ணெயைக் கடைந்து நுரைக்கச் செய்யும்; நுரை உராய்வைத் தடுக்காது.

வாங்கும்போது எச்சரிக்கையாயிருங்கள். பீப்பாயிலிருந்து அளந்து ஊற்றும் பெயரற்ற எண்ணெயைத் தவிருங்கள். மூடியின் முத்திரை உடையாதிருக்கிறதா, உற்பத்தித் தேதி உண்டா எனப் பார்த்து, ரசீது பெறுங்கள். காலி டப்பாவைக் கத்தியால் கிழித்துவிட்டால் அதில் கழிவெண்ணெயை நிரப்பி விற்கும் போலிக்கு இடமிராது.

கழிவெண்ணெய் எங்கே போகிறது?

வடித்தெடுத்த பழைய எண்ணெயைப் பற்றிக் கூறாவிடில் இக்கட்டுரை நிறைவு பெறாது. நம் வயல்களுக்கு அடியிலேயே கச்சா எண்ணெய் இருக்கிறது என்பதை நாம் அறிவோம். நரிமணத்தில் எண்ணெய் எடுக்கப்பட்டது. நாகப்பட்டினத்துக்கு அருகே பனங்குடியில் 1993-இல் சுத்திகரிப்பாலை எழுந்தது. 2017 ஜூன் 30 அன்று கதிராமங்கலத்தில் குழாய் கசிந்து வயலில் எண்ணெய் பரவியபோது ஊரே திரண்டு நின்றது. 2020 பிப்ரவரியில் தஞ்சை, திருவாரூர், நாகை உள்ளிட்ட பகுதிகளைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டம் நிறைவேறியது. நிலத்தைக் காக்க அவ்வளவு உரத்த குரலெழுப்பிய நாமே, வீட்டின் பின்புறத்தில் நான்கு லிட்டர் கழிவெண்ணெயை வாய்க்காலில் சாய்க்கலாமா?

ஒரு காரிலிருந்து ஒருமுறை வடித்த எண்ணெய் பத்து லட்சம் காலன் நன்னீரைக் கெடுக்க வல்லது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் எச்சரிக்கிறது. மேட்டூரில் திறக்கும் நீர் கல்லணையில் பிரிந்து, வெண்ணாறாகவும் குடமுருட்டியாகவும் தஞ்சை நகரூடே செல்லும் கல்லணைக் கால்வாயாகவும் ஓடி, கடைமடை உழவரின் நாற்றங்காலை அடைகிறது. தலைமடையில் நாம் ஊற்றியது அவருடைய வயலில் படலமாக மிதக்கும். கரையான் வராதிருக்கக் கழிவெண்ணெயை மரத்தில் பூசுவதும், வெறுங்கையால் அதை அள்ளுவதும் நன்றன்று. அது நெடுநாள் தோலில் படுவது புற்றுநோய்க்கு ஏதுவாகலாம்.

அபாயகரக் கழிவுகள் பற்றிய 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி, கழிவெண்ணெய் அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரைச் சென்றடைதல் வேண்டும். சுத்திகரித்தால் அது மீண்டும் எண்ணெயாகப் பயன்படும். மூடியுள்ள கலனில் சேர்த்து, அத்தகையோருக்கு அனுப்பும் பட்டறையிலேயே ஒப்படையுங்கள். உங்கள் பட்டறைக்காரர் அதனை என்ன செய்கிறார் என்று கேளுங்கள். பலர் கேட்டால் அவரும் முறைப்படி நடப்பார். அன்பியக் கூட்டத்தில் பேசி, காரும் டிராக்டரும் உள்ள குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து ஒரு பொதுக் கலன் வைத்துக்கொள்ளலாம்.

வாசகர்களே, கூறியவற்றைச் சுருங்கச் சொல்வோம். கையேட்டைப் பின்பற்றுங்கள், அது இல்லாவிடில் நல்ல நிலையிலுள்ள பழைய பெட்ரோல் காருக்கு 20டபிள்யூ-40, தேய்ந்ததற்கு 20டபிள்யூ-50 வாங்குங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பில்டருடன் மாற்றுங்கள். வாரம் ஒருமுறை அளவு பாருங்கள். புகையை மறைக்காமல் காரணத்தைத் தேடுங்கள். வடித்த எண்ணெய் ஒரு சொட்டும் வாய்க்காலில் விழ விடாதீர்கள். இவை யாவும் சிறு செயல்களே. ஆனால் நள்ளிரவில் ஓர் உயிரைச் சுமந்து ஓட வேண்டிய வேளையில் வண்டி முதல் திருப்பிலேயே எழுவது, இச்சிறு செயல்களின் பயனாகவே இருக்கும்.